கச்சு, ரவிக்கை, பாடி: உள்ளாடைச் சொற்களுக்குள் இருக்கும் சாதி

உப்பளத்தில் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பாடின்னா உடம்புதானே? அப்புறம் ஏன் உள்ள போடுறதுக்கும் பாடின்னு சொல்றாங்க?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது அது துணியோடு நிற்கவில்லை. யார் எதை உடுத்தலாம், யாரைப் போல உடுத்தக் கூடாது என்று நம் நாட்டில் போடப்பட்ட கட்டளைகள் வரை எங்களைக் கொண்டுபோய் விட்டது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்த மாணவியின் கேள்விக்குப் பதில். அவள் சொன்னது சரிதான். பாடி என்றால் உடம்பு என்பதே அந்த உடையின் பெயருக்கும் மூலம். மார்பையும் இடுப்பையும் இறுக்கி வடிவம் கொடுக்கும் உடையை ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் 'ஒரு ஜோடி பாடீஸ்' என்று அழைத்தார்கள். இரண்டு பாகமாகத் தைத்துச் சேர்த்துக் கட்டியதால் ஜோடி என்றார்கள். அந்த 'பாடீஸ்' பிறகு 'பாடிஸ்' என்று தனிச் சொல்லானது. நம் பாட்டிமார் வாயில் அது பாடி ஆயிற்று.

அதே வகை உடைக்குப் பிரெஞ்சு வழி வந்த பெயர் கார்செட். பழைய பிரெஞ்சில் 'கொர்' என்றால் உடல். கார்செட் என்றால் 'சின்ன உடல்'. இரண்டு மொழிகளிலும் உடைக்கு உடம்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இருக்கிற உடம்பு போதாது, அதன் மேல் சரியான உடம்பு ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பெயர்களில் தெரிகிறது.

பிரெஞ்சு ஆண்ட ஊரில் இருக்கும் நாம் இன்னும் சில சொற்களையும் கவனிக்கலாம். சின்னப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் சிம்மிஸ், சேலைக்குப் போடும் பிளவுஸ், ஜாக்கெட், இன்றைக்குக் கடையில் கேட்டு வாங்கும் பிரா எல்லாமே பிரெஞ்சில் வேர் கொண்டவை, ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தவை. பிரா என்பது பிராசியேர் என்பதன் சுருக்கம். 'பிரா' என்றால் பிரெஞ்சில் கை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இந்த உடையை அப்படிச் சொல்வதில்லை. 'சுத்தியேன் கோர்ஜ்' என்பார்கள், மார்பைத் தாங்குவது என்று பொருள். ஜாக்கெட் என்ற சொல், பிரெஞ்சு விவசாயிகளை மேட்டுக்குடியினர் இளப்பமாக அழைத்த 'ழாக்' என்ற பெயரிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. உடைக்குப் பேர் வைப்பதில் அங்கேயும் மேல் கீழ் இருந்திருக்கிறது.

ஐரோப்பியப் பெண்களுக்குக் கார்செட் ஒரு சிறை. திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகடுகளையும் பிறகு எஃகையும் வைத்துத் தைத்து, முதுகுப் பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். முதுகில் கட்டும் கயிற்றைத் தானே இறுக்கிக்கொள்வது கடினம், இழுத்துக் கட்ட வேலைக்காரி வேண்டும். எனவே அது உடம்பைக் காட்டியது போலவே, வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கிறது என்பதையும் காட்டியது. அதைத் தளர்த்துவதும் கழற்றுவதும் அங்கே விடுதலையாகப் பேசப்பட்டது. பெண்ணிய வரலாறு படிக்கும் தோழர்கள் இதை நிறையப் படித்திருப்பீர்கள்.

ஆனால் நம் பெண்களின் வரலாறு அந்தப் பாடத்துக்குள் அடங்காது. அங்கே கழற்றுவதற்குப் போராடினார்கள். இங்கே போட்டுக்கொள்வதற்குப் போராட வேண்டியிருந்தது.

நம் சொற்களுக்கு வருவோம். மார்பைக் கட்டும் துணிக்குத் தமிழில் பழைய சொல் கச்சு. வார் என்றும் வம்பு என்றும்கூட இலக்கியத்தில் வரும். கச்சு என்றால் இடுப்புப் பட்டையும்தான். கச்சை என்பதும் அந்தக் குடும்பத்துச் சொல்லே. போர்வீரன் இடுப்பில் கட்டியது கச்சை. இன்றைக்கும் ஒருவர் சண்டைக்குத் தயாரானால் 'கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறார்' என்கிறோம். ரவிக்கை தெலுங்கில் ரவிக, கன்னடத்தில் ரவிகெ, மலையாளத்தில் றவுக்க. குப்பாயம் என்றால் சட்டை, தமிழிலும் மலையாளத்திலும் பழைய சொல். இந்தக் குப்பாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கச்சு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் இரண்டு பக்கமும் தேவியர் நிற்பார்கள். யார் ஸ்ரீதேவி, யார் பூதேவி என்று அடையாளம் காண ஒரு வழி சொல்வார்கள்: மார்பில் கச்சு இருந்தால் ஸ்ரீதேவி, இல்லாவிட்டால் பூதேவி. செல்வத்தின் மகளுக்குக் கச்சு உண்டு, நிலத்தின் மகளுக்கு இல்லை. இது சிற்ப சாத்திரம் வகுத்த அடையாளம்தான். இதை வைத்து அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் எப்படி உடுத்தினார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒருத்தியை மேலே, இன்னொருத்தியைக் கீழே வைக்க ஒரு முழத் துணி போதும் என்பது அந்தச் சிலையை வார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்துச் செய்தி. அப்போது சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரால் அந்தச் சுவர் பிரச்சினையாகி, அதை எடுக்கும் நிலை வந்தது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அதே நாட்களில், நகையும் வாசனையும் மெல்லிய மஸ்லின் துணியுமாகக் கோயிலுக்கு வந்த வசதியான குடும்பத்துப் பெண் ஒருவரைப் பாதிரியார் கண்டித்து வெளியே அனுப்பினார். உடம்பு தெரியும் மெல்லிய துணியோடு இனித் தமிழ்க் கிறித்தவப் பெண்கள் வரக் கூடாது, சட்டைக்காரப் பெண்களைப் போலத் தலைமுடியைக் கட்ட வேண்டும் என்றும் கட்டளை போட்டார். அதற்கும் சாதிக் கிறித்தவர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. சுவரும் சேலையும் ஒரே சண்டையில் வருகின்றன. சாதிக் கிறித்தவர்களுக்குச் சுவர் வேண்டும், தங்கள் பெண்களின் உடையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, 'சட்டைக்காரர்' என்ற சொல். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பிறந்தவர்களுக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என்றார்கள். உடையைச் சொன்னாலே ஆள் யாரென்று புரிந்துவிடும் சமூகம் இது. அப்படிப்பட்ட சமூகத்தில் உடையை மாற்றினால் ஆளே மாறுகிறான் என்ற பயம் ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்கு வரத்தான் செய்யும்.

அந்தப் பயம் அரசாணையாகவே வந்த இடம் திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தோடு இருந்தது. அங்கே சாணார் என்று அப்போது அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் ஈழவப் பெண்களும், புலையர், பறையர் பெண்களும் தங்களைவிட மேலே என்று சொல்லப்பட்டவர்கள் முன் மார்பை மூடக் கூடாது. மேலே இருப்பவருக்கு மரியாதை என்றால் துணியை எடுக்க வேண்டும். நாயர் பெண்களும்கூடத் தங்களுக்கு மேலே இருந்த நம்பூதிரிகள் முன் இப்படியே நடந்துகொள்ள வேண்டியிருந்தது. எனவே மானம், வெட்கம் என்ற சொற்களை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மிஷனரிகள் அப்படித்தான் பார்த்தார்கள். உண்மையில் அது படிநிலை. துணி ஏறுவதும் இறங்குவதும் எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றியது மயிலாடியில். ரிங்கல்தௌபே என்ற மிஷனரியை அங்கே அழைத்துவந்தவர் மகாராசன் என்ற வேதமாணிக்கம், சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1809இல் அங்கே தேவாலயம் எழுந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று படிக்கும்போது இந்தப் பெயரை நம் பிள்ளைகள் கேள்விப்படுவதில்லை. அந்தப் போராட்டத்துக்கு வழிவிட்ட முதல் வாசல் ஒரு தலித் வீட்டு வாசல்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1812இல் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் மார்பை மூடலாம் என்றார். அரண்மனையைச் சுற்றியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1814இல் ஆணை திருத்தப்பட்டது. சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுவது போன்ற குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாயர் பெண்கள் தோளில் போடும் மேல்சீலை கூடாது.

யோசித்துப் பாருங்கள். குப்பாயமும் மார்பை மூடும், மேல்சீலையும் மார்பை மூடும். பார்க்கப்போனால் தைத்த சட்டையான குப்பாயம்தான் நன்றாக மூடும். அப்படியிருக்க ஒன்றுக்கு அனுமதி, இன்னொன்றுக்குத் தடை. மூடுவது பிரச்சினை இல்லை, யாரைப் போல மூடுகிறாய் என்பதுதான் பிரச்சினை.

பெண்களுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு அதன் மேல் மேல்சீலையையும் போட்டார்கள். 1822-23இல் கல்குளம், இரணியல் பக்கம் தாக்குதல் நடந்தது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதோடு முடியவில்லை. 1827 முதல் மறுபடியும் வன்முறை. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட பிரகடனம் மேல்சீலையை மறுபடியும் தடுத்தது, குப்பாயத்துக்கு மட்டும் அனுமதி என்றது.

1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கூலியில்லாமல் கிடைத்த கைகள் போய்விடும் என்ற ஆத்திரம். 1858 முடிவிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் அது வெடித்தது. பெண்களின் மேலாடைகளைக் கிழித்தார்கள், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆராதனைக் கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பிரகடனம் வெளியிட்டார்.

அந்தப் பிரகடனத்தைத்தான் வெற்றி என்று படிக்கிறோம். வெற்றிதான், பெண்கள் ரத்தம் சிந்திப் பெற்றது. ஆனால் அதில் என்ன இருந்தது? எல்லாச் சாணார் பெண்களும் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

தோழர்களே, இந்தக் கடைசி நிபந்தனையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 'போல மட்டும் கூடாது.' சலுகை கொடுக்கும்போதும் சாதி இந்த ஒரு வார்த்தையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும். படி, ஆனால் எங்களைப் போல இல்லை. வீடு கட்டு, ஆனால் எங்கள் வீட்டைப் போல மாடி வைக்காதே. குதிரையில் போ, ஆனால் எங்கள் தெருவில் போகாதே.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பிரகடனம் சாணார் பெண்களுக்கு மட்டும். புலையர், பறையர் பெண்கள் அதில் இல்லை. அவர்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்லு மாலை போட வேண்டும் என்பது சாதி வழக்கம். மார்பை மறைக்க அந்த மாலைதான். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போடச் சொன்னார். 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் பெண்கள் அப்படியே செய்தபோது தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் நடந்த பெரிய கூட்டத்தில், எல்லோர் முன்பாகவும் பெண்கள் மேடையில் வந்து மாலைகளை அறுத்துப் போட்டார்கள். கல்லு மாலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர். சேர்த்துவைத்துக் காட்ட வேண்டிய வரலாறு இது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முலைவரி பற்றியும் சேர்த்தலை நங்கேலி பற்றியும் நிறையப் பகிர்வுகள் சுற்றுகின்றன. நங்கேலி கதை மக்கள் நினைவில் வாய்வழியாக வந்தது, அதற்கு உரிய மரியாதை உண்டு. ஆனால் முலைக்கரம் என்பது மார்பை மூடியதற்கான வரி என்று எழுதும்போது யோசியுங்கள். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்களிடம் தலைக்கரம், பெண்களிடம் முலைக்கரம் என்று ஆளுக்கு விதித்த வரி அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உடம்பு இருப்பதற்கே வரி. அது போதாதா அந்த அரசைக் குற்றம் சொல்ல? நாம் ஒரு இடத்தில் தவறாகச் சொன்னால், எதிரே இருப்பவர்கள் மொத்த வரலாற்றையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

இதெல்லாம் மலையாள தேசத்துக் கதை, தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ராமநாதபுரத்தைக் காட்டுங்கள். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கத்தில் இருந்த கள்ளர்கள் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையும் பனியனும் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. ஆறாவது தடை, பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ உடம்பின் மேல்பகுதியை மூடக் கூடாது.

ரவிக்கை என்ற சொல் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. சென்னையில் சினிமாக் கொட்டகைகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நம் கொள்ளுப்பாட்டிகளின் காலம்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1927 டிசம்பரில், மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியே பேசினார். தீண்டத்தகாதவர் என்று பார்த்ததும் தெரியும்படி சேலையை முழங்காலுக்கு மேலே கட்டுவதையும், கையிலும் கழுத்திலும் கனத்த வெள்ளி அணிவதையும் விடச் சொன்னார். மேல்சாதிப் பெண்கள் கட்டுவதைப் போலவே கட்டுங்கள் என்றார். வந்திருந்த பெண்கள் அங்கேயே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டார்கள்.

நகல் எடுப்பது எப்படி விடுதலை ஆகும் என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. 1859 பிரகடனத்தை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். எந்த வார்த்தையைச் சாதி தன் கையில் வைத்திருந்ததோ, அந்தப் 'போல' என்ற வார்த்தையைத்தான் அம்பேத்கர் பிடுங்கி நம் பெண்கள் கையில் கொடுத்தார்.

இந்த வரலாற்றை நீங்கள் பள்ளியில் படித்திருக்க மாட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னால் வரை ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்ற பாடத்தில் இது இருந்தது. 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ இந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. பாடம் போனால் கேள்வி போகும், கேள்வி போனால் நினைவும் போகும். அதனால்தான் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டதைச் சிரித்து ஒதுக்காமல் எழுதி வைக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் வீட்டு ஆயாவிடம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உட்காருங்கள். முதன்முதலில் ரவிக்கை போட்டது எப்போது, யார் தைத்துக் கொடுத்தார்கள், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், யார் வந்தால் முந்தானையை எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். ரவிக்கை போடாத பாட்டிகள் எல்லோரும் தடைக்குப் பயந்தவர்கள் என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். வழக்கத்தால் போடாதவர்கள் உண்டு, வெயிலுக்கு இதமென்று போடாதவர்கள் உண்டு, வாங்கக் காசில்லாதவர்கள் உண்டு, போட்டால் அடி விழும் என்று போடாதவர்களும் உண்டு. எது எது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். ரவிக்கை என்றால் ரவிக்கை, ஜாக்கெட் என்றால் ஜாக்கெட், பாடி என்றால் பாடி.

அடுத்த வாரம் வகுப்புக்கு அந்த மாணவி தன் ஆயாவிடம் கேட்டுவந்ததைப் படிக்கப் போகிறாள். நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.

ஜெய் பீம்.